கிணற்றுத் தண்ணீர் ஆய்வகத்துக்குள் போனால்...

அந்தத் தண்ணீர் ஒரு பிராந்தி பாட்டிலில் வந்தது. மூடி தொலைந்துபோனதால் வாயில் வாழைச் சருகைச் சுருட்டி அடைத்திருந்தார். காங்கயம் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி, பாட்டிலை மஞ்சள் பையில் வைத்து மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்த விவசாயி அவர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும்.

"ஏனுங்க, இதுல என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. பாத்தா பளிங்காட்டந்தான் இருக்குது. ஆனா வெங்காயம் நிக்கமாட்டேங்குது."

சுற்றுச்சூழல் அறிவியல் ஆய்வகத்தில் மாதிரி வாங்கிவைக்கும் பெண் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, இதுல முன்னாடி என்னங்க இருந்துச்சு?"

அவர் சிரித்துவிட்டார். "நல்லாக் கழுவித்தானுங்க எடுத்தாந்தேன்."

"கழுவுனது சரிங்கண்ணா. ஆனா நாங்க சோதிச்சா உங்க கிணத்தையும் சேத்துச் சோதிப்போம், பாட்டிலையும் சேத்துச் சோதிப்போம். எது எதுன்னு எங்களுக்கே தெரியாது."

ஒரு லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து, எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் வீணாயிற்று. ஆனாலும் அடுத்த வாரம் வந்தார். இந்த முறை அவருடைய தண்ணீர் உள்ளே போனது. அதன் பின்னாலேயே நானும் போனேன்.

மூன்று கேள்விகள்

அவர் கையில் இருந்தவை மூன்று கேள்விகள். முதலாவது, இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம் வைக்கலாமா, கூடாதா? விதைக் காய்க்குக் கடன் சொல்லி வைத்திருந்தார். இரண்டாவது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் "ஏக்கருக்கு ரெண்டு டன் ஜிப்சம் போடு, சரியாப்போயிரும்" என்று சொல்லியிருக்கிறார், போடலாமா? மூன்றாவதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். மேட்டுப் பக்கத்தில் சாயப் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. கிணறு கெட்டதற்கு அதுதான் காரணமா?

மூன்றும் ஒரே கேள்வி மாதிரித் தோன்றும். ஆய்வகத்துக்குள் போனால் மூன்றுக்கும் மேசை வேறு, கருவி வேறு. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். மற்றொன்றுக்கு அரை நாள். மூன்றாவதற்கு ஒரு பாட்டில் தண்ணீரால் பதில் சொல்லவே முடியாது.

எட்டு மூட்டை உப்பு

முதல் மேசையில் இருந்தது மின்கடத்தும் திறனை அளக்கும் கருவி. பெட்டியளவுதான். ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் விட்டால் எண் வந்துவிடும். சுத்தமான நீரில் மின்சாரம் எளிதில் பாயாது; உப்பு கரையக் கரைய நன்றாகப் பாயும். அந்த வித்தியாசத்தைத்தான் இது எண்ணாக்குகிறது. அளவை டெசிசைமன் என்பார்கள். அவருடைய கிணறு மூன்றைத் தொட்டு நின்றது.

மூன்று என்றால் என்ன? அவருக்குப் புரியவில்லை, யாருக்குமே புரியாது. அங்கிருந்த முதுநிலை மாணவர் ஒருவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு அன்றைய நாளில் மிகவும் பிடித்தது அந்தக் கணக்குத்தான்.

ஒரு டெசிசைமனுக்கு லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு. மூன்றுக்கு 1,920 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால் இரண்டு லட்சம் லிட்டர். பெருக்கினால் 390 கிலோ வருகிறது. ஒவ்வொரு முறை தண்ணீர் கட்டும்போதும் ஏக்கருக்கு ஏறக்குறைய எட்டு மூட்டை உப்பை அவரே கொண்டுபோய்க் கொட்டுகிறார். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு போகாது.

"எட்டு மூட்டையா!" என்றவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அமெரிக்க உவர்நில ஆய்வுக்கூடம் 1954இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இன்றும் நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. அதன்படி 0.25க்குக் கீழே இருந்தால் நல்ல நீர், 0.75 வரை பரவாயில்லை; 0.75 முதல் 2.25 வரை கவனம் தேவை. அதற்கு மேல் மிக உவர்ப்பு. ஆனால் இந்தப் பட்டியலை மட்டும் வைத்து 'உதவாது' என்று முத்திரை குத்துவது அவ்வளவு சரியல்ல. பயிரைப் பார்க்க வேண்டும். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் அட்டவணைப்படி, பாசன நீர் மூன்றை நெருங்கும்போது வெங்காய விளைச்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மக்காச்சோளம் மூன்றில் ஒரு பங்கு போல இழக்கும். பருத்தி அதே தண்ணீரில் பெரிதாக ஒன்றும் ஆகாமல் நிற்கும். தென்னையும் ஓரளவு தாங்கும்.

இங்கே விரிவாக்கப் பணியாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அட்டவணைகளில் மண்ணுக்குத் தரப்படும் எண், மண்ணைத் தண்ணீரில் நிறைவுறக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் எண். நம் மண் பரிசோதனை அட்டைகளில் வருவதோ பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் சேர்த்துக் கலக்கிப் பார்த்த எண். அதில் உப்பு நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு 'மண் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அடுப்புச் சுடரில் சோடியம்

ஜிப்சம் கேள்விக்கு அடுத்த மேசை. உப்பு எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது. என்ன உப்பு என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

கால்சியம், மக்னீசியத்தைப் பழைய முறையிலேயே பார்க்கிறார்கள். தண்ணீரில் ஒரு நிறங்காட்டியைப் போட்டதும் ஒயின் சிவப்பாகிறது. மேலே ப்யூரெட்டிலிருந்து ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஒரு கட்டத்தில் ஒரே சொட்டில் சிவப்பு நீலமாக மாறுகிறது. எத்தனை மில்லி செலவானது என்பதுதான் விடை. குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட். மஞ்சள் தண்ணீர் செங்கல் நிறத்துக்குத் திரும்பும்போது நிறுத்த வேண்டும். கார்பனேட், பைகார்பனேட்டுக்கு அமிலம். மூன்றிலும் கண்ணும் கையும்தான் கருவி. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முதலில் பழகுவது இதைத்தான். ஒரு சொட்டு கூடிவிட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் கை பழகாதவர்களிடம் கோடி ரூபாய் இயந்திரத்தைக் கொடுத்தும் பயனில்லை என்று அந்த ஆய்வகத்தின் மூத்த பேராசிரியர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சோடியத்துக்குச் சுடர் ஒளிமானி. பெயர்தான் பெரிது, வேலை நம் வீட்டு அடுப்பங்கரையில் நடப்பதுதான். உப்புப் போட்ட உலை பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாகும் அல்லவா? அந்த மஞ்சள் சோடியத்தின் நிறம். பொட்டாசியம் ஊதாவாக எரியும், கால்சியம் செங்கல் நிறமாக. இந்தக் கருவியிலும் சமையல் எரிவாயுதான் எரிகிறது. தண்ணீரை மெல்லிய தூறலாகச் சுடருக்குள் அனுப்பி, நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை ஒரு ஒளிக்கண் அளக்கிறது.

இப்போது சோடியத்தைக் கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் போடுகிறார்கள். சோடியம் உறிஞ்சு விகிதம் என்று அறிக்கையில் இருக்கும். பத்துக்குக் கீழே இருந்தால் அந்த வகையில் பயம் குறைவு. இவருடைய தண்ணீரில் ஐந்துகூட இல்லை. கால்சியமும் மக்னீசியமும் தாராளமாக இருந்தன. எஞ்சிய சோடியம் கார்பனேட் என்ற இன்னொரு கணக்கும் உண்டு. அது 1.25க்குக் கீழே இருந்தால் நல்லது, 2.5க்கு மேல் போனால் ஆகாது. இவருக்கு அது சுழியத்துக்கும் கீழே.

அப்படியென்றால் ஜிப்சம்?

"வேண்டாங்க" என்றார் பேராசிரியர். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும் களர் நிலத்தில், சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியத்தை உட்காரவைக்க ஜிப்சம் போடுகிறோம். இவருடையது உவர் பிரச்சினை. கால்சியம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. உப்பு மிகுந்த மண்ணில் இன்னொரு உப்பைக் கொண்டுபோய்ப் போடுவதுதான் நடக்கும். இரண்டு ஏக்கருக்கு நாலு டன். அந்தச் செலவு முழுவதும் தண்டம்.

உவரும் களரும் ஒன்று என்று நினைத்து ஜிப்சம் மூட்டை இறக்கிய தோட்டங்கள் கொங்குப் பகுதியில் கொஞ்சநஞ்சமல்ல. உவருக்கு மருந்து நல்ல தண்ணீர்தான். மழை பெய்யும்போது வரப்பை உயர்த்தி வயலில் நீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்குவது. பண்ணைக் குட்டை வெட்டி மழைநீரைக் கிணற்று நீரோடு கலந்து பாய்ச்சுவது. சொட்டுநீர்க் குழாய் போட்டு வேர்ப் பகுதியை எப்போதும் ஈரமாக வைத்திருப்பது. வடிகால் இல்லாத நிலத்தில் முதல் வழி பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். உப்பு இறங்கிப்போக வழி இருந்தால்தான் இறங்கும்.

ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு விளக்கு

மண் வள அட்டை 2015இல் வந்ததிலிருந்து மண் பரிசோதனை என்றாலே நமக்கு அந்த அட்டைதான் நினைவுக்கு வருகிறது. அதில் 12 விவரங்கள் இருக்கும்: பேரூட்டங்கள் மூன்று, கந்தகம், நுண்ணூட்டங்கள் ஐந்து, கார அமில நிலை, மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம். உரம் எவ்வளவு போடலாம் என்பதற்கு அது போதும். ஆனால் குரோமியம், காட்மியம், ஈயம் அதில் கிடையாது. ஆலைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் அட்டையில் எல்லாம் 'நடுத்தரம்' என்று இருப்பதைப் பார்த்து நிம்மதியடைய முடியாது. சுற்றுச்சூழல் ஆய்வகம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

உலோகத்துக்கு அணு உறிஞ்சு நிறமாலைமானி இருக்கிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆலன் வால்ஷ் 1950களில் உருவாக்கிய முறை. சுடர் ஒளிமானியில் சுடரின் நிறத்தைப் பார்த்தோம். இதில் தலைகீழ். எந்த உலோகத்தைத் தேடுகிறோமோ அந்த உலோகத்தாலேயே செய்த விளக்கை ஏற்றி, அதன் ஒளியைச் சுடர் வழியாக அனுப்புகிறார்கள். தண்ணீரில் அந்த உலோகம் இருந்தால் தன் ஒளியைத் தானே விழுங்கிக்கொள்ளும். எவ்வளவு விழுங்கியது என்பதுதான் அளவு. துத்தநாகத்துக்கு ஒரு விளக்கு, ஈயத்துக்கு ஒரு விளக்கு, குரோமியத்துக்கு ஒரு விளக்கு என்று அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

அதைவிடப் பெரிய இயந்திரத்தில் ஆர்கான் வாயுவைச் சூரியனின் மேற்பரப்பைவிட அதிக வெப்பத்தில் எரியவைத்து, ஒரே முறையில் பல உலோகங்களைப் பார்த்துவிடுகிறார்கள். நிறமாலையோடு எடை பார்க்கும் கருவியும் சேர்ந்துவிட்டால் நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு இருந்தால்கூடத் தெரியும்.

ஆனால் இந்த இயந்திரங்களுக்கும் ஒரு குறை உண்டு. மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று சொல்லும். எந்தக் குரோமியம் என்று சொல்லாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் அவ்வளவு கொடியதல்ல. அதுவே ஆறு இணைதிறன் கொண்ட வடிவத்தில் இருந்தால் நஞ்சு. அதைப் பிரித்தறிய மறுபடியும் பழைய வழிக்குத்தான் வர வேண்டும். ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் நஞ்சு வடிவம் இருந்தால் மட்டும் தண்ணீர் ஊதாச் சிவப்பாகும். அந்தச் சிவப்பை அளக்கும் கருவி எந்தக் கல்லூரியிலும் இருக்கும்.

நம் விவசாயியின் தண்ணீரில் உலோகம் எதுவும் கவலைப்படும் அளவில் இல்லை. அது அவருக்குப் பெரிய ஆறுதல். "மாடு குடிக்கலாமுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். உப்பு இந்த அளவு இருந்தால் மாடு குடிக்கலாம், பழகும்வரை கழிச்சல் வரலாம் என்றார்கள்.

ஐந்து நாள் காத்திருக்கும் பாட்டில்

ஒரு மூலையில் குளிர்பெட்டி மாதிரி ஒன்று. உள்ளே இருட்டில் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நின்றன. ஆலைக் கழிவிலும் சாக்கடை நீரிலும் எவ்வளவு அழுகும் பொருள் இருக்கிறது என்பதைப் பார்க்கும் இடம். நுண்ணுயிரிகள் அதைத் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. முதல் நாளும் கடைசி நாளும் ஆக்சிஜனை அளந்து கழித்துப் பார்த்தால் உயிரிய ஆக்சிஜன் தேவை தெரியும். குளிர்நாட்டு முறைப்படி 20 டிகிரியில் ஐந்து நாள். நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்ப 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. ஆற்றில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம், பாசனத்துக்கு நிலத்தில் விடும் கழிவுநீருக்கு 100 மில்லிகிராம் என்பது மத்திய அரசு விதித்த வரம்பு. 'அறிக்கை ஏன் இவ்வளவு தாமதம்' என்று கோபப்படும் விவசாயிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். நுண்ணுயிரிகளை அவசரப்படுத்த முடியாது.

காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் 150 டிகிரியில் கொதிக்கவைத்தால் போதும். ஆனால் இதில் குரோமியமும் பாதரசமும் வெள்ளியும் செலவாகின்றன. மாசைக் கண்டுபிடிக்கும் ஆய்வகமே மாசை உண்டாக்கும் வேடிக்கை இது. நான் போன இடத்தில் அந்தக் கழிவைத் தனிக் கேனில் பிடித்து, பெயர் எழுதி ஒதுக்கி வைத்திருந்தார்கள். தொட்டியில் ஊற்றிவிடும் ஆய்வகங்களும் உண்டு. மாணவரைச் சேர்க்கும் பெற்றோர், கட்டடத்தைப் பார்ப்பதோடு அந்தக் கேன் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்க்கலாம்.

பாட்டிலால் சொல்ல முடியாதது

மூன்றாவது கேள்விக்கு வருவோம். சாயப் பட்டறைதானா?

சாயம் துணியில் ஏற சோடியம் உப்பு மூட்டை மூட்டையாகத் தேவை. அந்தக் கழிவுநீர் நேராகக் கிணற்றுக்கு வந்தால் சோடியம் மிகுந்திருக்க வேண்டும். இவருடைய கிணற்றில் கால்சியம்தான் முன்னால் நிற்கிறது. அப்படியானால் பட்டறை குற்றமற்றதா? அதுவும் சொல்ல முடியாது. சோடியத் தண்ணீர் மண் வழியாக மெல்ல இறங்கும்போது, மண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு தன்னிடம் உள்ள கால்சியத்தை விட்டுவிடும். அப்போது கிணற்றுக்கு வந்துசேர்வது கால்சியத் தண்ணீராகத்தான் இருக்கும். இயல்பாகவே உவர்ப்பான பாறைப் பகுதியிலும், மழை குறைந்து ஆழ்குழாய் கீழே போகப் போகவும் இதே மாதிரி நீர் வரலாம்.

ஒரு கிணறு சாட்சியாகாது. மேட்டில் இரண்டு, பள்ளத்தில் நான்கு, பட்டறைக்கு அந்தப் பக்கம் இரண்டு என்று கிணறுகளைத் தேர்ந்து, கோடையிலும் மழைக்குப் பின்னும் எடுத்து, வரைபடத்தில் குறித்தால்தான் உப்பு எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று தெரியும். இது ஒருவர் செலவில் ஆகும் காரியமல்ல. ஆய்வு மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டு உழைக்கும் வேலை. பல்கலைக்கழக ஆய்வகம் என்று ஒன்று இருப்பதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சோதித்துத் தரும் தனியார் கூடம் ஒரு பாட்டிலுக்கு ஓர் அறிக்கை தரும். ஒரு வட்டாரத்தையே இரண்டு ஆண்டு பார்த்துக்கொண்டிருக்க ஒரு பல்கலைக்கழகம்தான் வேண்டும்.

வேலூர்ப் பகுதி தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தந்த தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று தீர்ப்பில் இருக்கிறது. அந்தக் கணக்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்தது. மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. நொய்யலில் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் நடத்திய வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு அதற்குமுன் எத்தனை ஆண்டு பாட்டிலும் கையுமாக அலைந்தார்கள் என்பது தெரியும்.

சட்டத்தில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஆலை விடும் கழிவுநீரை நாமே பிடித்து ஆய்வகத்தில் கொடுத்து வாங்கும் அறிக்கை, 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்கில் சான்றாக நிற்காது. அதன் 21ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சார்பில் வருபவர் ஆலைக்காரருக்கு அறிவித்து, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அதற்காக நம்முடைய அறிக்கை வீண் என்று அர்த்தமில்லை. வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுக்க, 'வந்து முறைப்படி மாதிரி எடுங்கள்' என்று கேட்க, அது கையில் இருந்தால் பேச்சுக்குப் பலம் கூடும்.

மாணவர் கை, ஆர்கான் உருளை

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. முதுநிலை, முனைவர் படிப்புகள் நடக்கின்றன. அதே வளாகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்னும் இருக்கிறது. கார அமில நிலையை பிஎச் என்ற எண்ணால் குறிக்கும் முறையை டென்மார்க்கில் சோரன்சன் வெளியிட்டதும் அதே 1909தான். அவர் வேலை பார்த்தது ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகத்தில். மண்ணில் தழைச்சத்தை அளக்க இன்றும் பயன்படும் கெல்டால் முறையும் 1883இல் அதே ஆய்வகத்தில் பிறந்ததுதான். பீர் நன்றாக வர வேண்டும் என்று கண்டுபிடித்தவை நம் வயலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மாணவர்களுக்கு இங்கே முதலில் கற்றுக்கொடுப்பது சந்தேகப்படுவதை. ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் வெறும் காய்ச்சி வடித்த நீர் ஒன்றையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள். அதில் எண் வந்தால் பாத்திரத்திலோ மருந்திலோ அழுக்கு. விடை முன்பே தெரிந்த கரைசல் ஒன்றையும் சேர்க்கிறார்கள். அதற்குத் தப்பான விடை வந்தால் அன்றைய வேலை முழுவதும் திரும்ப நடக்கும். ஒரே தண்ணீரை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அறிக்கை தரும் எந்த ஆய்வகத்திலும், 'இந்த மூன்றும் செய்கிறீர்களா?' என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. என்ஏபிஎல் அங்கீகாரம் இருந்தால் இதையெல்லாம் வெளியாள் வந்து சரிபார்த்திருப்பார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இயந்திரம் வாங்கப் பணம் வருகிறது. ஓட்டப் பணம் வருவதில்லை. ஆர்கான் உருளை தீர்ந்து, அடுத்த நிதியாண்டுக்காகத் துணி போர்த்திக் காத்திருக்கும் பெரிய இயந்திரத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பார்த்துவிட்டேன். விளக்கு பழுதானால் மாதக் கணக்கில் ஆகும். இயந்திரத்தை நன்றாக அறிந்த ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிப் போய்விட்டால், அடுத்தவர் பழகும்வரை அதைத் தொட ஆளில்லை. நிலையான தொழில்நுட்பப் பணியிடம் ஒன்று, இன்னொரு இயந்திரத்தைவிட அதிகம் உதவும்.

எடுத்துப் போகும் முன்

பிராந்தி பாட்டில் கதைக்குத் திரும்பலாம். கிணற்று நீர் எடுக்க மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய தண்ணீர் போன பின் பிடிக்க வேண்டும். புதிய பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். பெயர், ஊர், சர்வே எண், தேதி, கிணறா ஆழ்குழாயா, எவ்வளவு ஆழம், என்ன பயிர் என்று எழுதி ஒட்ட வேண்டும். உலோகம் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில துளி நைட்ரிக் அமிலம் விட்ட தனிப் பாட்டில் தருவார்கள். அதை அலசக் கூடாது. கழிவுநீர் என்றால் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும்.

உவர் பிரச்சினைக்கு மண் எடுக்கும்போது மேல்மண் மட்டும் போதாது. அரையடி, ஓரடி, இரண்டடி என்று ஆழம் வாரியாகத் தனித்தனிப் பையில் எடுங்கள். உப்பு மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் வேண்டாம். துத்தநாகம் பூசிய வாளியில் மண்ணைக் கலந்தால் அறிக்கையில் துத்தநாகம் ஏறிவிடும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு யோசனை. பேனா அளவில் மின்கடத்தும் திறன் பார்க்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பையில் ஒன்று இருந்தால் ஊரில் எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மாதம் ஒருமுறை அதைச் சரிபார்க்க, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 0.746 கிராம் சுத்தமான பொட்டாசியம் குளோரைடு கரைத்த கரைசலை அருகிலுள்ள ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 25 டிகிரி வெப்பத்தில் அது 1.41 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவியில் பிழை. எந்தக் கிணறு மோசம் என்று பேனா சொன்ன பிறகு, அந்தத் தண்ணீரை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

காங்கயத்துக்காரர் வெங்காயத்துக்குச் சொல்லியிருந்த விதைக் காயை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜிப்சமும் இறங்கவில்லை. அரை ஏக்கர் ஓரத்தில் குட்டை வெட்ட யோசித்துக்கொண்டிருக்கிறார். பட்டறைக் கேள்வியை அவர் விடவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் ஏழு பேரைப் பேசிச் சேர்த்திருக்கிறார். மழைக்குப் பின்னால் எட்டுப் பாட்டிலோடு வருவதாகச் சொன்னார். மாதிரி வாங்கும் பெண் எட்டு வெள்ளைப் பாட்டில்களை எண்ணி மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். "மூடி பத்திரமுங்கண்ணா" என்றார்.